ஒரு கிராம் மண்

ஒரு ஹெக்டேர் நன்செய் நிலத்தில், ஏர்முனை புரட்டும் ஆழமாகிய 15 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ள மேல்மண்ணை மட்டும் வாரியெடுத்து நிறுத்துப் பார்க்க ஒருவரால் இயலுமானால், அது ஏறக்குறைய 2,240 டன் எடை காணும் என்று மண்ணியலார் ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே நிலத்தில் மக்கிய தழையும் எருவும் எவ்வளவு தங்கியிருக்கின்றன என்பதை நிர்ணயிக்க ரசாயனக்கூடத்தில் எடுத்துக்கொள்ளப்படும் மண்ணோ ஒரு கிராம். சில சமயங்களில் அரைக் கிராம். ஆக, 224 கோடியில் ஒரு பங்கு எஞ்சிய அத்தனைக்கும் பிரதிநிதியாக நின்று, அந்த வயலின் வளத்தையும் வறுமையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதற்குச் சமாதானம் கூறுவார் உண்டு. ஆனால் பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில், துடுப்பினால் கிளறப்பட்டு வெந்தது. வயலோ மடைவாயில் ஒருவிதமாகவும், கடைமடையில் வேறுவிதமாகவும், சென்ற ஆண்டு எருக்குப்பை கொட்டிவைத்த மூலையில் முற்றிலும் மாறாகவும் இருப்பது. மண் பரிசோதனையில் நேரும் பிழைகளில் மிகப் பெரியவை ரசாயனக்கூடத்தின் கண்ணாடிக் கலங்களில் நேர்வன அல்ல. மண்வெட்டி தரையில் இறங்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகின்றன.

இந்தச் சாஸ்திரம் தோன்றிய வரலாறு சுவையானது. ஜெர்மானிய ரசாயன அறிஞரான யுஸ்டுஸ் ஃபான் லீபிக், பயிர்கள் மண்ணிலுள்ள தாதுப் பொருள்களை உண்டே வளர்கின்றன என்ற கொள்கையை 1840-ல் வெளிவந்த தம் நூலின் மூலம் ஐரோப்பாவெங்கும் பரப்பிய பிறகு, மண்ணை முழுவதும் கரைத்து அதிலுள்ளவற்றை அளந்துவிட்டால் எந்த உரம் எவ்வளவு தேவை என்பது தானே விளங்கிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டாயிற்று. அந்த நம்பிக்கை விரைவிலேயே பொய்த்தது. நூற்றுக்கு ஒரு பங்கு பொட்டாசியம் உள்ள சாதாரண மண்ணில், மேலே கூறிய கணக்கின்படி ஹெக்டேருக்கு 22 டன்னுக்குக் குறையாமல் அந்தச் சத்து இருக்க வேண்டும். இருந்தும் சில நூறு கிலோ கிடைக்காமல் பயிர் இலை விளிம்பு கருகி நிற்பதைக் கண்கூடாகக் காண்கிறோம். அத்தனை செல்வமும் பாறைத் துணுக்குகளின் படிகங்களுக்குள் பூட்டிக் கிடப்பதே காரணம். பெர்னார்ட் டயர் என்னும் ஆங்கிலேய ரசாயனி 1894-ல், வேர்களின் சாற்றில் காணப்படும் புளிப்பை ஒத்ததாக, நூற்றுக்கு ஒரு பங்கு சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் மண்ணை ஊறவைத்து, அதில் கரைந்து வருவதை மட்டும் அளக்கலாமே என்ற யோசனையை முன்வைத்தார். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியை விட்டு, வேருக்கு எவ்வளவு எட்டும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்ட அந்த நாளிலிருந்துதான் இன்றைய மண் பரிசோதனை தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

இனி வயலுக்குச் செல்வோம். மாதிரி எடுக்க ஏற்ற காலம் அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரமிடாமல் நிலம் ஓய்ந்திருக்கும் கோடைநாள். நிலத்தை முதலில் ஒருமுறை சுற்றிவந்து, மண்ணின் நிறம், மேடுபள்ளம், சென்ற போகத்தில் பயிர் நின்ற நிலை ஆகியவற்றைக் கொண்டு அதைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பட்டா ஒன்றாயிருப்பதால் மண்ணும் ஒன்றாகிவிடாது. செம்மண் பாங்கான மேட்டையும் களிமண் படிந்த பள்ளத்தையும் ஒரே பையில் கலந்து அனுப்பினால், இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் திரும்பி வரும். பகுதி ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து நடந்து, பத்து முதல் பதினைந்து இடங்களில் மண் எடுப்பது வழக்கம். வரப்போரம், வாய்க்கால் கரை, மரநிழல், கிணற்றுமேடு, எருக்குழி இருந்த இடம், ஆட்டுக்கிடை போட்ட மூலை, நீர் தேங்கி நிற்கும் தாழ்வு ஆகியவற்றை விலக்க வேண்டும். இவையும் வயலின் பகுதிகள்தாமே என்று கேட்கலாம். பகுதிகள்தாம்; ஆயினும் மிகச் சிறிய பரப்பினவான அவை, தம் பரப்புக்குச் சற்றும் ஒவ்வாத உரத்த குரலில் பேசும் தன்மையுடையவை.

தேர்ந்தெடுத்த இடத்தில் மேலே கிடக்கும் சருகையும் தாளையும் கையால் அகற்றிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ எழுத்து வடிவில் குழி வெட்டி, வெட்டிய மண்ணை அப்புறப்படுத்தியபின், குழியின் இரு சரிவுகளிலிருந்தும் மேலிருந்து அடிவரை விரற்கனத்துக்கு ஒரு படலத்தைச் சீவி எடுக்க வேண்டும். ஆழத்தைப் பயிரே நிர்ணயிக்கிறது. நெல், நிலக்கடலை, கேழ்வரகு முதலியவற்றுக்கு 15 சென்டிமீட்டர். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி ஆகியவற்றுக்கு 22.5 சென்டிமீட்டர், மா, தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கோ 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே மூன்று மாதிரிகள். குழிக்குப் பக்கத்தில் குவிந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பைக்குள் போட்டுக்கொள்பவர்கள், எந்த ஆழத்தின் மண்ணை எடுத்தோம் என்பதைத் தாங்களே அறியமாட்டார்கள்.

கருவியும் கலமும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மிகுதியான கேடு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நம் விவசாயி வீட்டில் எளிதாகக் கைக்கு வருவது காலியான உரச்சாக்கு. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாஷ் உப்பு, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே, அரைக் கிலோ மண் மாதிரியில் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த உப்பில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம். கணக்கிட்டுப் பார்த்தால், ஹெக்டேருக்கு 230 கிலோவுக்கு மேற்பட்ட சாம்பல் சத்து இல்லாத இடத்தில் இருப்பதாக முடிவு வந்து நிற்கும். 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 280 கிலோவுக்கு மேலே சென்றால் மிகுதி என்றும் தமிழ்நாட்டில் வகுத்திருக்கிறார்கள்; ஆகவே உண்மையில் 100 கிலோவே உள்ள வறிய நிலம், ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பினால் வளமிக்க நிலமாகப் பத்திரத்தில் பதிவாகிவிடும். விதைகளுக்கும் குருணை மருந்துகளுக்கும் உதவிய பைகளும் இவ்வாறே ஆகா. புதிய துணிப்பையோ சுத்தமான பாலிதீன் பையோ போதும். துத்தநாகம் முதலிய நுண்ணூட்டங்களை அளக்க எண்ணினால் துத்தநாகப் பூச்சுடைய வாளி, பித்தளைத் தாம்பாளம் முதலியவற்றை நாடாமல், துருவேறாத எஃகுக் கரண்டியும் பிளாஸ்டிக் தட்டும் கொண்டே வேலையை முடிக்க வேண்டும். மண்ணைக் கலக்கும்போது பீடி பிடிப்பவர் சற்று எட்டிச் செல்வது நலம். புகையிலைச் சாம்பலும் பொட்டாஷ் நிறைந்ததுதான்.

எல்லாக் குழிகளின் மண்ணையும் சுத்தமான விரிப்பின்மீது கொட்டி, கட்டிகளை உதிர்த்து, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு பாகமாக வகுத்து, எதிரெதிரான இரண்டு பாகங்களைத் தள்ளிவிட வேண்டும். எஞ்சியதைத் திரும்பவும் கலந்து, திரும்பவும் நான்காக வகுத்து, அரைக் கிலோ மிஞ்சும் வரையில் இவ்விதமே செய்வதற்குக் கால்பங்கீட்டு முறை என்று பெயர். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். ஈரமண்ணைப் பையில் கட்டிப் பல நாள் வைத்திருந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை; தழைச்சத்தின் உருவை மாற்றிக்கொண்டே இருக்கும். விரைவில் உலரட்டும் என்று அடுப்பருகே வைப்பதும் தவறு; மிகுந்த சூட்டில் சாம்பல் சத்தின் கணக்கு மாறிப்போகும். உலர்ந்த மண்ணை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, விவசாயியின் பெயர், சர்வே எண், முன்பு செய்த பயிர், இனிச் செய்யவிருக்கும் பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டோடு அனுப்பிவிட்டால் வயலின் வேலை முடிந்தது. மசி ஈரத்தில் கலைந்துவிடும். பென்சில் எழுத்து கலையாது.

மண்ணை எடுப்பவருடைய பாதுகாப்பைப் பற்றி நம் கிராமங்களில் யாரும் அதிகம் சிந்திப்பதில்லை. பூச்சிமருந்து தெளித்த வயலில் சில நாள் கழித்தே இறங்க வேண்டும். துருப்பிடித்த ஆணி, கண்ணாடிச் சில்லு முதலியன கிழித்தால் வில்வாத நோய் வரக்கூடுமாகையால் அதற்குரிய தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்துச் சேற்றுமண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவினால், மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான நோய், விசேஷமாக நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலிலோ கையிலோ உள்ள சிறு புண் வழியாகவும் புகுந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலும் இந்நோய் காணப்படுகிறது. ஆதலால் புண் உள்ளவர்கள் ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்து இறங்குவதும், வேலை முடிந்ததும் சோப்பு இட்டுக் கழுவிக்கொண்ட பிறகே உண்பதும் அவசியம்.

ரசாயனக்கூடத்தில் மண் முதலில் சந்திப்பது கார அமிலப் பரீட்சையை. மண் ஒரு பங்குக்கு நீர் இரண்டரைப் பங்கு சேர்த்துக் கலக்கிய குழம்பில் கண்ணாடி மின்முனையை அமிழ்த்தினால், டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் 1909-ல் வகுத்தளித்த பி.எச். அளவு தெரிந்துவிடும். 7 என்பது நடுநிலை. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது. நீலகிரியின் தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உள்ள புளித்த மண்ணே உவப்பானது, 8.5-ஐத் தாண்டிய களர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டியிருக்கும். நெல்வயலைப் பொறுத்தமட்டில் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. நீர் கட்டி நிற்கும்போது அமில மண்ணின் எண் ஏறியும் கார மண்ணின் எண் இறங்கியும் ஏறத்தாழ நடுநிலையில் கூடிவிடுகின்றன என்பதை, இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும 1972-ல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியுரையில் விரிவாக விளக்கியிருக்கிறார். உலர்த்திய மண்ணில் கண்ட எண், நாற்று நடும் நாளில் சேற்றில் இராது. அதே மண்குழம்பைத் தெளியவிட்டு அதன் மின் கடத்துந்திறனை அளந்தால், நிலத்தில் உப்பு எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதும் தெரியும்.

பரிசோதனைகளுள் பார்க்க மிக அழகானதும், செய்ய மிக ஜாக்கிரதை வேண்டுவதும் அங்ககக் கரியைக் காணும் முறையாகும். வாக்லி, பிளாக் என்னும் இருவர் 1934-ல் வெளியிட்ட இம்முறையில், கூம்புக் குடுவையிலிட்ட ஒரு கிராம் மண்மீது 10 மில்லிலிட்டர் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைப் பிப்பெட்டால் அளந்து விட்டு, அதன்மேல் 20 மில்லிலிட்டர் அடர் கந்தகத் திராவகத்தைச் சேர்க்கிறார்கள். அடுப்பு இல்லை, விளக்கு இல்லை. திராவகம் நீரோடு கலக்கும்போது தானே எழும் சூடுதான் மண்ணிலுள்ள கரியை டைகுரோமேட் எரித்துவிடுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தருகிறது. அரைமணி நேரம் கழித்து நீரும் பாஸ்பாரிக் அமிலமும் வார்த்து, டைபினைலமீன் என்னும் நிறங்காட்டியில் சில துளிகள் இட்டு, பியூரெட்டிலிருந்து பெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, கருநீலம் கலந்த ஊதா நிறம் ஒரே ஒரு துளியில் பளிச்சென்ற பச்சையாக மாறிவிடுகிறது. கரியை எரித்தது போக மிஞ்சிய டைகுரோமேட் எவ்வளவு என்பதை அந்தத் துளி சொல்லிவிடும். மிஞ்சியது தெரிந்தால் செலவானதும் தெரிந்துவிடுகிறது. இந்தச் சூட்டில் முழுக் கரியும் எரிவதில்லை, நூற்றுக்கு 77 பங்கே எரிகிறது என்று கண்டு, அதற்கேற்ப விடையைப் பெருக்கித் திருத்திக்கொள்கிறார்கள். கடலோரத்து உப்பு மண்ணாயிருந்தால் மற்றொரு தொல்லை: உப்பிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்றுவிடுமாகையால், வேதாரண்யத்துக் கரையின் வெறுமணலும் வளமான தோட்டமண்போலத் தோற்றமளிக்கக்கூடும். திராவகத்தில் வெள்ளி சல்பேட்டைச் சேர்த்துக் குளோரைடைப் படியவைத்து இதைத் தவிர்க்கிறார்கள். அரை சதவிகிதத்துக்குக் கீழே கரி இருந்தால் குறைவு என்பது பொதுவான கணக்கு.

இந்த வேலையைச் செய்பவர் கண்ணாடியும் கையுறையும் பருத்தி மேலங்கியும் அணிந்திருக்க வேண்டும். புகைபோக்கிப் பேழைக்குள்ளேயே திராவகத்தை வார்க்க வேண்டும். நீரில் திராவகத்தை ஊற்றலாம். திராவகத்தில் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறித்து முகத்தைச் சுடும். பழைய நாட்களில் பிப்பெட்டின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சுவதைக் கைத்திறனாகவே கருதினார்கள். அந்தத் திறனை மறந்துவிடுவதே உத்தமம். டைகுரோமேட் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். ரப்பர் குமிழ் கொண்டு உறிஞ்சுவது எளிதாயும் அபாயமற்றும் இருக்கிறது.

மற்ற மூன்று சத்துக்களையும் சுருக்கமாகவே கூறலாம். தழைச்சத்துக்கு, பி. வி. சுப்பையா, ஜி. எல். அசிஜா என்னும் இருவர் 1956-ல் வெளியிட்ட முறையே இந்நாட்டில் பெருவழக்காக இருக்கிறது: காரம் சேர்த்த பெர்மாங்கனேட்டுக் கரைசலோடு மண்ணைக் காய்ச்சி, எழும் அம்மோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடித்து அளப்பது. மணிச்சத்துக்கு, கார மண்ணாயின் ஓல்சன் முறைப்படி சோடியம் பைகார்பனேட்டிலும், அமில மண்ணாயின் பிரே முறைப்படி வேறொரு கரைசலிலும் மண்ணைக் குலுக்கி, மாலிப்டேட்டு சேர்ந்து எழும் நீலத்தின் ஆழத்தை நிறமானியில் படிக்கிறார்கள். பாஸ்பேட் கலந்த சலவைப்பொடியால் குடுவையைக் கழுவியிருந்தால், அந்த நீலத்தை நம்பிப் பயனில்லை. சாம்பல் சத்துக்கு அம்மோனியம் அசிடேட்டில் ஊறிய சாற்றைச் சுடர் ஒளிமானியின் தழலில் தெளித்தால், பொட்டாசியம் தனக்கே உரிய வெளிர் ஊதா நிறத்தில் எரிகிறது. அதன் பிரகாசமே அளவு. துத்தநாகம், இரும்பு முதலிய நுண்ணூட்டங்களுக்கு அணு உட்கவர் நிறமாலைமானி என்னும் விலையுயர்ந்த கருவி வேண்டும். நெற்பயிரின் இலைகளில் செம்பழுப்புத் திட்டுகளை உண்டாக்கிய கைரா நோய்க்குக் கிருமி எதுவும் காரணமன்று, துத்தநாகக் குறைவே காரணம் என்பதை 1966-ல் பந்த்நகரில் ஒய். எல். நேனே கண்டறிந்ததிலிருந்து, இந்நாட்டில் அந்த உலோகத்தின் மதிப்பே உயர்ந்துவிட்டது.

இவ்வளவும் அளந்த பின் வரும் எண்கள், தாமாக எதையும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே மண்ணை வெவ்வேறு கரைசல்களில் ஊறவைத்தால் வெவ்வேறு எண்கள் கிடைக்கும். எந்த எண்ணுக்கு எந்த உரம் என்பதை வயலில் பயிர் வைத்து, உரமிட்டும் இடாமலும் ஒப்புநோக்கித்தான் அறிய முடியும். கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை போன்ற நெடுங்கால முயற்சிகளின் அருமை இதில்தான் இருக்கிறது. மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாட்டின் பொதுச் சிபாரிசு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முறையே 150, 50, 50 கிலோ. பரிசோதனையில் குறைவு என்று கண்ட சத்தைக் கால் பங்கு கூட்டியும், மிகுதி என்று கண்டதைக் கால் பங்கு குறைத்தும் இடச் சொல்வார்கள். 2015-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு குணங்களை அட்டையில் எழுதித் தந்தது போற்றத்தக்கதே. ஆயினும் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று அது கட்டம் போட்டுக்கொண்டு புறப்பட்டதில், அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாக நிலம் வைத்திருக்கும் காவிரிப்படுகைச் சிறு விவசாயிகள் பலருக்கு, அண்டைவீட்டார் வயலின் எண்ணே தம் அட்டையில் வந்து சேர்ந்தது. தன் வயலின் மண்ணைத் தானே எடுத்துச் சென்று கொடுப்பவருக்கு இந்தக் குறை இல்லை.

இதுவரை கூறியவை வளத்தைத் தேடும் பரிசோதனைகள். நஞ்சைத் தேடும்போது விதிகள் தலைகீழாகின்றன. பதினைந்து இடத்து மண்ணைக் கலப்பது விவசாயத்தில் குணம். தொழிற்சாலைக் கழிவு கொட்டிய நிலத்தில் அதுவே குற்றம், ஏனெனில் ஓர் இடத்தில் குவிந்துள்ள விஷம் பதினான்கு இடத்து நல்ல மண்ணில் கரைந்து மறைந்துவிடும். இங்கே கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். சென்ற இடத்தின் தூசியைக் கருவியோடு அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாமல் கழுவித் துடைக்க வேண்டும். மூச்சுக்குத் தகுந்த முகமூடியும் வேண்டும். பாதரசம் கலந்த மண்ணைச் சூளையில் உலர்த்தினால் பாதரசமே ஆவியாகிப் போய்விடும். வெப்பமானி செய்துவந்த தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டபின் கொடைக்கானலில் எழுந்தவை போன்ற மாசு வழக்குகளில், மண்ணை மூடிய கண்ணாடிக் கலத்தில் குளிர்ச்சியாக வைத்து, உலர்த்தாமல் சோதிப்பதே நெறி. ராணிப்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவுமேட்டைப் போன்ற இடங்களில் தேடப்படுவது மஞ்சள் நிறமுடைய ஆறு இணைதிறக் குரோமியம். மண்ணிலுள்ள மக்கு அதனைத் தீங்கு குறைந்த மூன்று இணைதிற நிலைக்கு மாற்றிக்கொண்டே இருக்குமாகையால், மாதிரியை ஈரத்தோடும் குளிரிலும் வைத்துத் தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். டைபினைல் கார்பசைடு சேர்த்தவுடன் செவ்வூதா நிறம் தோன்றினால் ஐயமில்லை.

இதே குரோமியம்தான் அங்ககக் கரிப் பரிசோதனையின் டைகுரோமேட்டிலும் இருப்பது. நாளொன்றுக்கு நூறு மாதிரி பார்க்கும் கூடத்தில் அது லிட்டர் கணக்கில் சேர்கிறது. தரம்பார்த்து முடிந்த பச்சைக் கரைசலில் குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிற நிலைக்கு வந்துவிடும். செலவழியாத மஞ்சள் கரைசலைப் பெரஸ் உப்பு சேர்த்து அந்நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, இரண்டையும் சுண்ணாம்பினால் நடுநிலையாக்கினால் குரோமியம் வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலை வடித்து, பெயரெழுதிய பீப்பாயில் மூடி, அபாயக் கழிவுகளைப் பெறுவதற்கு உரிமம் உள்ள நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். கழுவுதொட்டி வழியே சாக்கடைக்கு அனுப்பினால், அது கடைசியில் சென்றடையும் இடமும் ஏதோ ஒரு வயலின் மண்தான்.